இடது ஓரமாக, மிதமான வேகத்தில்

1

என் மேல் ஒரு ஷேர் ஆட்டோ ஏறாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஏறியது என்பது கொஞ்சம் அதிகம், இடித்தது. இடித்தது என்பதும் வக்கீல் வெண்மதியின் பார்வையில் முழு உண்மை இல்லை. அந்த அவமானத்தைச் சொல்லிவிட்டே கதைக்குள் போகிறேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே திண்டிவனம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலும் வலது காறை எலும்பில் ஒரு விரிசலும்தான். வழக்குப் போட்டே தீருவது என்று வீம்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே மூன்று பேர் மூன்று வக்கீல்களின் கார்டை என் சட்டைப் பையில் செருகினார்கள். கட்டுப் போட்ட நர்ஸ் மகாலட்சுமி மட்டும் குரலைத் தாழ்த்தி, வெண்மதி மேடத்திடம் போகச் சொன்னார். அவர் ஆள் அனுப்ப மாட்டாராம், நாமாகத்தான் போக வேண்டுமாம்.

கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது அலுவலகம். வெண்மதிக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். (நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுகிறாள். கதை எழுதுகிறவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே திமிர் இது, மன்னித்துவிடுங்கள்.) பிறகு நாற்காலியைத் தள்ளிவைத்து நடுவில் இடம் பண்ணினாள்.

"அன்னைக்கு எப்படி நின்னீங்களோ அப்படியே நின்னு காட்டுங்க சார்."

நின்றேன். என்னை அறியாமல் இடது கை நெஞ்சுக்கு நேராக உயர்ந்தது, தலை குனிந்தது. அந்தக் கையில் அன்று போன் இருந்தது. நடந்து காட்டச் சொன்னாள். போனைப் படித்துக்கொண்டே ரோட்டுக்குள் நாலு எட்டு வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆட்டோக்காரர் மேல் வழக்குப் போட மாட்டேன், அவர் உங்கள் மேல் போடாதவரைக்கும் சந்தோஷப்படுங்கள் என்று சொல்லி எக்ஸ்ரேயைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. முப்பது வருடமாகப் பொய்யை எழுதியே பேர் வாங்கியவன் நான். என் சொந்த விபத்தில் எனக்கு ஒரு பொய் சொல்ல உரிமை இல்லையா? பிளைவுட் தட்டிக்கு வெளியே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு புருஷன் பெண்டாட்டி படியேறி வந்தார்கள். உள்ளே பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. இந்தக் கதை பிறந்தது ஒட்டுக்கேட்டதில்தான்.

2

இனி ஆரம்பிக்கலாம்.

'ராஜகிரிக் கோட்டையின் உச்சியில் மாலை வெயில் மெல்லப் படிந்துகொண்டிருந்த அந்த வேளையில்—'

(வேண்டாம். செஞ்சிக்காரர் யாரும் கோட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு ரோட்டில் நடப்பதில்லை. வெளியூரிலிருந்து வருகிற நாம்தான் பார்ப்போம். பார்த்தால் ஆட்டோ இடிக்கும்.)

'வக்கீல் வெண்மதி மிகவும் நேர்மையானவள்.'

(இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

'வெண்மதிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கரும்பு வெட்டப் போன அவள் அப்பா ராஜாராம், டிராக்டர் கவிழ்ந்து—'

இதையும் அடித்திருந்தேன். செத்துப்போன அப்பாவைக் காட்டி வாசகரை வளைத்துப் போடுவது மலிவான வேலை என்று தோன்றியது. ஆனால் இதைச் சொல்லாமல் அவளை யாருக்கும் புரியவைக்க முடியாது. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரியம் முடிவதற்குள் ஒரு வக்கீலின் ஆள் வீட்டுக்கு வந்தான். அம்மா மீனம்பாள் வெற்றுத் தாள்களில் கைநாட்டு வைத்தாள். என்ன எழுதப் போகிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சில வருடம் கழித்து, கேஸ் தோற்றுப்போச்சு என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

சட்டக் கல்லூரியில் படிக்கும்போது வெண்மதி அந்தத் தீர்ப்பின் நகலுக்கு மனுப் போட்டு வாங்கினாள். அதில் அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் போயிருந்தார். இன்சூரன்ஸ் உள்ள ஒரு வேன் எதிரே வந்து மோதியிருந்தது. ராஜாராமுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பதால் இல்லாத ஒரு வேனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 'முதல் மனுதாரர் மீனம்பாள் பொய் சொல்லித் தீர்ப்பாயத்தை ஏமாற்ற முயன்றுள்ளார்' என்று தீர்ப்பில் ஒரு வரி. நகல் பிரிவின் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து வெண்மதி அழுதாள். மீனம்பாளுக்கு அந்த வரியைப் பற்றி இன்றுவரைக்கும் தெரியாது. கேஸ் தோற்றதற்கு நம் நேரம் சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அவள் அலுவலகத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்கு ஆள் கிடையாது. வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. மனுவை முதலில் தமிழில் எழுதி, கட்சிக்காரரை எதிரே உட்காரவைத்து, வரிவரியாக வாசித்துக் காட்டுவாள். அவர்கள் திருத்தினால் திருத்துவாள். அப்புறம்தான் கோர்ட்டுக்கான இங்கிலீஷ். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நடித்துக் காட்டும் சடங்கு. வாய் மறைத்தாலும் உடம்பு சொல்லிவிடும் என்பது அவள் அனுபவம்.

குமாஸ்தா செல்லப்பனுக்கு இதெல்லாம் ஒத்துவரவே இல்லை. இருபது வருடம் வேறொரு வக்கீலிடம் இருந்து, இல்லாத வண்டியைக் கொண்டுவந்து வைப்பதில் கைதேர்ந்தவர். அங்கே மனம் வெறுத்துத்தான் இங்கே வந்தார். ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? இந்த மாதிரி ஆபீஸ் நடத்தினால் நாம் இரண்டு பேரும் ரேஷன் அரிசிதான் சாப்பிட வேண்டும் என்று வாரம் ஒருமுறையாவது சொல்வார். ரேஷன் அரிசி நன்றாகத்தானே இருக்கிறது என்பாள் வெண்மதி.

3

வந்தவர் அமீர் ஜான். ஐம்பதைத் தொட்ட வயது. பஜாரில் மெத்தைக் கடை. கூட வந்தது மனைவி ஜாஹிதா பேகம். பாய்க்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பேர்களை மாற்றிவிட்டேன். ரோட்டை மாற்றிவிட்டேன். அனந்தபுரம் ரோடு என்று எழுதப் போகிறேன், பனமலை ரோடாகவும் இருக்கலாம். அவர் மெத்தை தைப்பவராக இல்லாமல் வெல்டராகவும் இருக்கலாம். வீணாக அலையாதீர்கள்.

பாய் ஆஸ்பத்திரியில் போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் எஃப்ஐஆரில் இருந்தது. வெண்மதி அதைச் சத்தமாக வாசித்தாள். ஜனவரி மாதம், காலை பத்து மணி. அனந்தபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுப்பதற்காக, சுருட்டின மெத்தையைப் பின்னால் குறுக்கே வைத்துக் கட்டி, தன் மொபெட்டைத் தானே ஓட்டிப் போனார். மெத்தை சரிந்தது. வலது கையைப் பின்னால் விட்டுப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு லோடு வண்டி உரசிக்கொண்டு முந்தியது. அதன் கொக்கியில் கை மாட்டியது. லோடு வண்டி நிற்கவில்லை. டீக்கடைக்காரர் ஒருவர் நம்பரைக் குறித்துவைத்ததால் பிடித்துவிட்டார்கள். அதற்கு இன்சூரன்சும் இருந்தது. செல்லப்பன் மகிழ்ந்துபோனார். அவர் வாழ்நாளில் உண்மையான வண்டியே கிடைத்த கேஸ் குறைவு.

பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்டது. வண்டியில் உட்கார்ந்த மாதிரி உட்காரச் சொன்னாள். 

"பாய், முன்னாடி ஒரு ஆள் எடம் காலியா இருக்குது."

வெண்மதி பெஞ்சைத் தட்டிக் காட்டும் சத்தம் கேட்டது.

"பின்னாடி கோடியில உக்காந்திருக்கீங்க. இல்லாத கை பின்னாடி போவுது. சரி, மெத்தையத்தான் புடிச்சீங்கன்னு வச்சிக்குவோம். ஆக்சிலேட்டர் ரைட் கையிலதான இருக்குது? அந்தக் கைய எடுத்துட்டு எப்படி ஓட்டுனீங்க?"

ஜாஹிதா பேகம் அழ ஆரம்பித்தார். அழுகைக்கு நடுவே ஒரு வார்த்தைதான் சொன்னார், பொண்ணு என்று.

அவர்கள் போன பிறகு வெண்மதி வெளியே வந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கேட்டுட்டீங்க. எழுதாம உங்களால இருக்க முடியாது. எழுதிக்குங்க. வண்டிய யார் ஓட்டுனாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க."

சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தால், கதையே அதுதானே! அதனால் இப்படி வைத்துக்கொள்வோம். மகள் என்று நான் எழுதுவது என் கற்பனை. தம்பியாக இருக்கலாம், மருமகனாக இருக்கலாம். எனக்கு மகள் என்றால்தான் எழுத வருகிறது.

4

மகள் பெயர் சனோபர். இருபத்திரண்டு வயது. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வும் எழுதி, ஓட்டம் தாண்டலும் முடித்து, தேர்வானோர் பட்டியலில் வந்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரித்து, இவள் பேரில் எந்த வழக்கும் இல்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் பாக்கி. இந்த நேரத்தில் பார்த்து அவளை மொபெட் ஓட்டச் சொன்னது அமீர் ஜான்தான். போலீஸ்காரிக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்கும் என்று கிண்டல் பண்ணி, முன்னால் உட்காரவைத்துத் தான் பின்னால் ஏறிக்கொண்டார். அவளிடம் லைசென்ஸ் இல்லை. எல்எல்ஆர்கூடப் போடவில்லை, அடுத்த வாரம் போடுவதாக இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கை போன மயக்கத்திலும் பாய்க்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. மகளின் பெயர் ஸ்டேஷனில் எந்தத் தாளிலும் வரக் கூடாது. அதனால் நான்தான் ஓட்டினேன் என்றார். சரி, அதோடு நிறுத்தினாரா? மெத்தைக்காரர் இல்லையா, கை எப்படிப் பின்னால் போனது என்று போலீசார் கேட்டதும், சரிந்த மெத்தையை விட்டுவிட முடியுமா என்று உண்மையைச் சொல்லிவிட்டார். பாதிப் பொய், பாதி உண்மை. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன.

(சட்டம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சண்டைக்கு வருவார்கள். எனக்குப் புரிந்ததை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பின்னால் சும்மா உட்கார்ந்து போனவருக்கு அடிபட்டால், அவர் மேல் தப்பு சொல்ல எதுவும் இல்லை. இழப்பீட்டில் கைவைக்க முடியாது. ஓட்டினவர் என்றால், நீ ஒழுங்காகப் போனாயா என்ற கேள்வி வரும். ஒரு கையால் ஓட்டினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதோடு, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று இப்போது சட்டம்.)

ஆக, மகளைக் காப்பாற்றச் சொன்ன பொய் அப்பாவின் வழக்கைக் கெடுத்தது. உண்மையைச் சொன்னால் வழக்கு நிலைக்கும், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாக மகள் பேரில் வழக்கு வரும், வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். இந்த 'லாம்'தான் ஒரு குடும்பத்தை ஆறு மாதமாக வாட்டியது.

செல்லப்பன் ஒரு வழி சொன்னார்.

"எஃப்ஐஆர்ல இன்னா இருக்குதோ அதையே போடுவோம் மேடம். போலீஸ் எழுதுனது. நாம எழுதுனது இல்ல."

நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெண்மதிக்கும் ஒரு நிமிடம் தோன்றியிருக்கும் என்று வைக்கிறேன். (அவள் மனசுக்குள் நான் போய்வருவது அவளுக்குத் தெரியாது.) ஆனால் இன்சூரன்ஸ் வக்கீல் ஒன்றும் பால்குடி இல்லை. ஆக்சிலேட்டர் எந்தக் கையில் என்று முதல் நாளே கேட்பார். கூண்டில் நிற்கும் பாய் திணறுவார். தீர்ப்பில் அமீர் ஜானின் பேருக்குப் பக்கத்திலும் ஒரு வரி ஏறும். அந்த வரி எப்படி இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம்.

கேஸ் கட்டை வேறு வக்கீலிடம் கொடுத்துவிடலாம். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு அதே பொய்யைப் போடுவார். இவளால் யாரிடமும் வாயைத் திறக்க முடியாது, கட்சிக்காரர் சொன்னது வக்கீலோடு போக வேண்டும். நான் பொய் எழுத மாட்டேன், உங்களைப் போகச் சொல்லவும் மனசு வரவில்லை என்று பாயிடம் நேராகவே சொல்லிவிட்டாள். பாய் யோசிக்கிறேன் என்று போனவர் மூன்று மாதம் வரவில்லை.

5

இந்தப் பகுதியில் எனக்கு வெண்மதியைப் பிடிக்கவில்லை. நான்தான் எழுதினேன், ஆனாலும் பிடிக்கவில்லை.

ஜூன் மாதம் சனோபர் தனியாக வந்தாள். ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன், அதற்கு என்ன வழி என்று கேட்டாள். வெண்மதி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு, நீ என் கட்சிக்காரி இல்லை, உன் அத்தாதான் என் கட்சிக்காரர், உனக்கு நான் யோசனை சொன்னால் அவருக்குத் துரோகம், உனக்கென்று வேறு வக்கீலைப் பார் என்றாள். ஒரு பேப்பரில் ஒரு பேரும் போன் நம்பரும் எழுதி நீட்டினாள்.

அடிப்பாவி, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துமா? இந்தப் பகுதியை மூன்று தடவை மாற்றி எழுதினேன். ஒன்றில் வெண்மதி எழுந்துபோய் அவள் தோளில் கைவைக்கிறாள். இன்னொன்றில் இரண்டு பேரும் அழுகிறார்கள். இரண்டுமே பொய்யாக இருந்தன. கொள்கை வைத்துத் தொழில் நடத்துவதில் இது ஒரு கஷ்டம். தப்பு செய்கிறவர்கள் இனிமையாகப் பேசிவிடுவார்கள், இவள் மாதிரி ஆட்கள் சரியானதைச் செய்யும்போது பல நேரம் ஈரமில்லாத மாதிரி தெரிவார்கள்.

சனோபர் அந்தப் பேப்பரை வாங்கவில்லை. எழுந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"நான் ஒழுங்கா ஓட்டியிருந்தா அத்தா இன்னாத்துக்கு மேடம் பொய் சொல்றாரு? அவருக்குத் தெரியும். அதான் மறைக்கிறாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வெண்மதிக்கு இது உறைத்தது. இத்தனை நாள் அவள் பார்த்ததெல்லாம் பாயின் கை, அந்தப் பெண்ணின் வேலை, தன் கொள்கை. பொய் சொல்லிக் காப்பாற்றப்பட்ட ஆளுக்கு அந்தப் பொய் எப்படித் தெரியும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தன்னால்தான் அப்பாவின் கை போனது, அதனால்தான் அப்பா மூடி மறைக்கிறார் என்று அந்தப் பெண் ஐந்து மாதமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டில் யாரும் அந்தக் காலையைப் பற்றிப் பேசுவதே இல்லை. வாயைத் திறந்தால் பொய் உடையும் என்று பயம்.

மறுநாள் வெண்மதி மெத்தைக் கடைக்குத் தானே போனாள். கட்சிக்காரரைத் தேடிப் போகாதவள் என்று ஊருக்கே தெரியும். செல்லப்பன் திகைத்துப்போனார். மகள் பேசியதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. பாயிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மோதுனதச் சொல்லாதீங்க பாய். அதுக்கு முன்னாடி வண்டி எப்படிப் போச்சு, அத சொல்லுங்க."

பாய் ஒற்றைக் கையால் பஞ்சைத் தள்ளிவைத்துவிட்டு முக்கால் மணி நேரம் சொன்னார்.

6

இனி முடிவு. கைவசம் நாலு இருக்கிறது.

முதல் முடிவு. உண்மையைப் போடுகிறார்கள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் பார்த்திபன் நல்ல மனுஷன். அபராதம் கட்டினால் தீர்ந்தது என்று எழுதிவிடுகிறார். இழப்பீடும் வருகிறது, வேலையும் வருகிறது, மீனம்பாள் வந்து ஆசீர்வாதம்— (எழுதும்போதே கை கூசுகிறது. இன்ஸ்பெக்டர் நல்லவராக இருந்துவிட்டால் சட்டம், கொள்கை, வக்கீல் எதுவுமே தேவை இல்லையே.)

இரண்டாவது. வேறு வக்கீல், பழைய பொய், கூண்டு, ஆக்சிலேட்டர், தள்ளுபடி. இதை எழுதுவது சுலபம். இப்படித்தான் நிறைய நடக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு நான் இதைச் செய்ய மாட்டேன். என் கதை, என் இஷ்டம்.

மூன்றாவது, பாய்க்குப் பிடித்த முடிவு. மனுவே போடுவதில்லை. சனோபர் காக்கி போடுகிறாள். பாய் கடையை நடத்துகிறார். ஊர் பெருமையாகப் பேசுகிறது. இதை ஏழு பக்கம் எழுதினேன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து கிழித்துப் போட்டேன். அந்தப் பெண் தினமும் காலையில் அப்பாவுக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டு டியூட்டிக்குப் போவாள் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

நான்காவது செல்லப்பனுடையது. யார் மேல் தப்பு என்றே கேட்காத ஒரு பிரிவு சட்டத்தில் இருக்கிறதாம். கிடைப்பது குறைவு, ஆனால் வம்பு இல்லை. வெண்மதியும் இதை யோசித்தாள். ஆனால் அந்த மனுவிலும் விபத்து எப்படி நடந்தது என்று நாலு வரி எழுத வேண்டும். அந்த நாலு வரியில் யாரோ ஒருத்தர் வண்டியை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

7

நிஜமாக நடந்தபோது நான் அங்கே இல்லை. வெண்மதி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். தோளுக்கு ஒரு தலையணை வாங்கும் சாக்கில் பாய் கடைக்குப் போய், நான் ஒட்டுக்கேட்டவன் என்பதை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையிலிருந்த தலையணையைக் கீழே வைத்தார். அப்புறம் உட்காரச் சொல்லி, நடந்ததை அவராகவே சொன்னார். எழுதலாமா என்றேன், எழுதுங்க என்றார்.

ஜூலையில் ஆறு மாதம் முடிகிற கடைசி நாள். மதியம் மூன்று மணி. பாய், ஜாஹிதா, சனோபர் மூன்று பேரும் வந்திருந்தார்கள். மகளையும் கூட்டிவரச் சொன்னது வெண்மதி. கோர்ட்டில் மனு வாங்கும் நேரம் முடிவதற்குள் ஓட வேண்டும் என்று செல்லப்பன் வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். மேஜையில் ஒரே ஒரு மனு இருந்தது. இரண்டு விதமாக எழுதிவைத்து, எது வேண்டும் என்று கேட்கிற வழக்கம் வெண்மதிக்கு இல்லை. நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன் பாய், கையெழுத்துப் போடுவதும் போடாமல் எழுந்து போவதும் உங்கள் இஷ்டம், எப்படியானாலும் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள்.

பேர், வயது, தொழில், விபத்து நடந்த நாள் எல்லாம் வாசித்தாள். பிறகு அந்த வரி வந்தது.

"'மொபெட்டை என் மகள் சனோபர் இடது ஓரமாக, மிதமான வேகத்தில் ஓட்டிச் சென்றாள். வளைவில் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டதும் இன்னும் ஓரம் ஒதுங்கி வழிவிட்டாள். விபத்துக்கு அவள் எந்த விதத்திலும் காரணம் இல்லை.'"

சனோபர் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவிடம் கேட்காமல் வெண்மதியிடம் கேட்டாள். கேசுக்காக நீங்களா எழுதினதா மேடம், இது?

வெண்மதி பாயைப் பார்த்தாள்.

பாய்க்கு அப்போதுதான் விளங்கியதாம்.  ஆறு மாதமாக மகள் முகம் கொடுத்துப் பேசாததெல்லாம் என் கையைப் பார்த்த வருத்தம் என்று நினைத்திருந்தேன் சார், எனக்குப் புத்தியே இல்லை என்றார்.

"நான் சொன்னதும்மா," என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். "மேடம் ஒரு எழுத்து சேக்கல. நீ நல்லாத்தான் ஓட்டுன. வளைவுல நீ பிரேக் புடிச்சப்ப, பரவால்லியே, நம்மளவிட நல்லா ஓட்டுறாளேன்னு பின்னாடி உக்காந்துகினு நெனச்சேன். ஒதுங்கினப்பகூட வண்டி ஆடல. அவன்தான் வந்து இடிச்சான். நீ தப்பு பண்ணிட்டன்னா நான் மறைச்சேன்? ஒரு தப்பும் பண்ணாத பொண்ணு மேல கேஸ் வந்துடுமோன்னுதான் மறைச்சேன்."

சனோபர் சத்தம் போட்டு அழுதாள். ஜாஹிதா அவளைக் கட்டிக்கொண்டார். செல்லப்பன் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெளியே போய் நின்றார். வெண்மதி மனுவைத் திருப்பி, கடைசிப் பக்கத்தை மேலே வைத்து, பேனாவை மேஜையின் இடது பக்கமாக நகர்த்தி வைத்தாள். பாய் இப்போது அந்தக் கையால்தான் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் அத்தா, போடுங்கள் என்றாள் மகள். இது போதும் எனக்கு, வா வீட்டுக்குப் போகலாம் என்றார் அப்பா. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த மேஜை முன்னால் நின்றார்கள். மணி நாலே கால்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பாய் சொன்னார். எழுத மாட்டேன். போட்டார் என்று எழுதினால் ஸ்டேஷனில் யாராவது படிப்பார்கள். போடவில்லை என்று எழுதினால், பார்த்தாயா, நேர்மையால் என்ன லாபம் என்று நாலு பேர் பேசுவார்கள், இல்லாத வண்டிகளுக்கு நாளைக்கே நம்பர் கிடைத்துவிடும். அதனால் முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கையெழுத்துப் போடவையுங்கள், அல்லது மூன்று பேரையும் படியிறக்கிக் கூட்டிப்போங்கள். ரோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். மகளை மகனாக்கிக்கொள்ளுங்கள், நான் கேட்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நான் எழுதினதை எடுத்துப்போய்ப் பாயிடம் முழுசாக வாசித்துக் காட்டினேன். எதையும் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் எழுந்தபோது என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, யாரு ஓட்டுனாங்கன்னு எப்படி வேணா மாத்திக்குங்க சார், நல்லா ஓட்டுனாங்கன்னு இருக்கணும் என்றார்.